திகதி முத்திரை

காலை எட்டரைக்கு முதல் குத்து: பெறப்பட்டது.
அடுத்தது: உண்மைப் பிரதி.
காணி, பிறப்பு, மண் ஏற்றும் அனுமதி.
ஆரையம்பதிப் பிரதேச செயலகத்தில்
நாளுக்கு இருநூறு தடவை
என் வலது கை உயர்ந்து இறங்குகிறது.
ஊதா மை பெருவிரலில் ஊறி
சோற்றிலும் லேசாய் வாசம் வரும்.

இரவு ஒன்பதுக்குப் பிறகும் அதே கைதான்.
ஆனால் மெல்ல.
அழிறப்பரில் செதுக்கிய நண்டு,
ஒரு கால் பிளேட்டோடு போய்விட்டது.
ஒற்றி எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.
பகலில் யாருடைய உறுதிக்கும்
நான் மூச்சைப் பிடித்ததில்லை.

வெட்டும் மெஷின் ரொறன்ரோ மச்சாள் அனுப்பியது.
கைப்பிடியைச் சுற்றினால்
இரண்டு தட்டுக்கு நடுவே மட்டை நசுங்கி
அந்தப் பக்கம் 'கடக்' என்று பூவாய் வரும்.
அவள் தெரிந்தெடுத்த அச்சுகளோ
பனித்துகள், மேப்பிள் இலை, கொம்புள்ள மான்.
பனித்துகளை மல்லிகை என்று விற்றிருக்கிறேன்.
மானின் கொம்பைக் கத்தரித்தால் மாடு.
மட்டக்களப்பு என்றால் எல்லாருக்கும் மீன் வேண்டும்,
அதுவும் பாடுகிற மீன்.
இலைக்கு ஒரு வால் ஒட்டிக் கொடுத்தேன்.
பாட்டுக்கு நான் பொறுப்பில்லை.

ஐப்பசியில் றிஸ்மியாவுக்கு மாற்றம் வந்தது.
பொத்துவில்.
அந்தக் கடிதத்துக்கும் 'பெறப்பட்டது' குத்தியது நான்தான்.
பக்கத்து மேசை, ஆறு வருஷம்.
சிங்களத்தில் வரும் சுற்றறிக்கையைச்
சோற்றுப் பார்சலுக்குப் பக்கத்தில் விரித்து
எனக்காக வாசிப்பவள்.
தினமும் முக்காட்டு ஊசியைத் தொலைப்பவள்.
"ஊசி ஒண்டு இருந்தாத் தா கா, மறுகா தாறன்."
அந்த மறுகா இன்னும் வரவில்லை.

ஆகவே ஊசிக்கு ஒரு பெட்டி.
தீப்பெட்டி அளவு, இழுத்தால் திறக்கும் லாச்சி.
கழித்துப் போட்ட பைல் கவர்தான் மட்டை.
யாருடையதோ வேலித் தகராற்றின் இலக்கம்
உட்பக்கம் இன்னும் தெரியும்.
மழை. பசை காயவில்லை.
விசிறியைப் போட்டால் காகிதப் பூ எழும்பிப் பறக்கிறது,
நிறுத்தினால் மூலைகள் வாய் திறக்கின்றன.
கரண்டும் போனபோது
சூடான சோற்றுப் பானை மூடிமேல் பெட்டியை வைத்து
காவல் இருந்தேன்.

மேலே ஒற்றுவதற்கு 'றி' என்று செதுக்கினேன்.
புறம் மாற்றிச் செதுக்க மறந்து போனேன்.
ஒற்றிப் பார்த்தால் எழுத்து
இடப்பக்கம் திரும்பிக்கொண்டது,
கோபித்து பஸ் ஜன்னலைப் பார்ப்பவள் மாதிரி.
விடிய நாலு மணி.
வேறு றப்பர் இல்லை.

வெள்ளி பின்னேரம்.
எல்லாரும் கேக் வெட்டுகிற அறைக்குப் போனார்கள்.
திரும்பி நின்ற எழுத்தின் மேல்
வெள்ளைத் துண்டு ஒன்றை ஒட்டி
மேசையிலிருந்த திகதி முத்திரையை எடுத்தேன்.
அரசாங்கச் சொத்து.
மூச்சைப் பிடித்துக் குத்தினேன்.
நவம்பர் 29.

உள்ளே இருபத்துநாலு ஊசி, முத்துத் தலை.
லாச்சியை இழுத்தாள். எண்ணினாள்.
"இதையும் கடன்ல எழுதிக்க கா."
பிறகு மூடியைப் பார்த்து,
அலுவலகக் குரலில்:
"கையொப்பம் இல்லாத முத்திரை செல்லாது."

நான் ஒப்பமிட்டேன்.
ஆறு வருஷமாய் ஒரே மாதிரி விழுந்த ஒப்பம்
அன்றைக்கு வளைந்து போனது.
சோதிராசா சேர் வாசலில் நின்றார்,
கையில் கேக், வாயில் கேள்வி.
அவள் புது ஊசி ஒன்றைக் குத்திக்கொண்டு
கல்முனை பஸ்ஸுக்கு நடந்தாள்.

திங்கள் காலை, வரிசை வாசல் வரைக்கும்.
திகதியைத் திருப்ப வேண்டும்,
நாளையும் மாதத்தையும்.
பட்டி இறுகிக் கிடந்தது.
நுனியால் தள்ள ஓர் ஊசி போதும்.
லாச்சி, கோவை, மேசைக்குக் கீழே
எல்லா இடமும் தேடினேன்.